அடியில் ஸ்க்ரூ இருக்குங்களா?

ஜூன் 3, செவ்வாய்

டோஸ்டர் செத்துப்போயிற்று. வீட்டுக்கு வந்து அறுபத்தெட்டு நாள். மகள் கீர்த்தனா புனேயிலிருந்து ஆன்லைனில் ஆர்டர் போட்டு அனுப்பியது. பளபளவென்று கல்யாண வீட்டு வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் மாதிரி இருக்கும். இன்று காலை இரண்டு ரொட்டித் துண்டை உள்ளே வாங்கிக்கொண்டு, ஒரு தடவை முனகிவிட்டு, அடங்கிவிட்டது.

சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கவுண்டரில் இருந்த பெண் கவிழ்த்துப் பார்த்தாள்.

"மேடம், இது ரிவெட் அடிச்சதுங்க. தொறக்க முடியாது. வேற மாத்திக் குடுப்போம், பதினஞ்சு நாள் ஆகும்."

"தொறக்கவே முடியாதுங்களா?"

"முடியாதுங்க."

"அப்புறம் எதுக்குங்க சர்வீஸ் சென்டர்னு போர்டு?"

சிரித்தாள். இந்தக் கேள்விக்குச் சிரிக்கவென்றே பயிற்சி கொடுத்திருப்பார்கள் போல.

பதினைந்து நாள் முடியாது. ஏன் முடியாது என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். பிப்ரவரி பதினொன்றாம் தேதி என் வீட்டுக்காரர் வெள்ளிங்கிரிக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சு வந்துவிட்டது, நடை வந்துவிட்டது, கோபம் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்துவிட்டது. வலது கை மட்டும் வரவில்லை. இடது கையால் சாப்பிடச் சொன்னால், "சோத்தாங்கை இருக்கறப்பப் பீச்சாங்கைல திம்பாங்களா?" என்கிறார். கரண்டியைக் கொடுத்தால் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறதாம். மத்தியானமும் ராத்திரியும் கதவைச் சாத்திக்கொண்டு நான்தான் ஊட்டுகிறேன். காலையில் மட்டும் அவரே சாப்பிடுவார். ரொட்டி சோறு இல்லையாம், பிஸ்கட் ஜாதியாம். அதைப் பீச்சாங்கையில் பிடிக்கலாமாம். இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று கேட்கக் கூடாது. ஆனால் ரொட்டி விறைப்பாக நிற்க வேண்டும். தோசைக்கல்லில் சுட்டால் வளைந்து தொங்குகிறது.

ஆக, டோஸ்டர். தினமும். சாகாத டோஸ்டர்.

ஜூன் 5, வியாழன்

கிராஸ்கட் ரோட்டில் நான்கு கடை ஏறி இறங்கினேன். எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டேன்: "அடியில ஸ்க்ரூ இருக்குங்களா?"

"மேடம், இதுல ஏழு செட்டிங் இருக்குங்க. பன் வாட்டலாம், டீஃப்ராஸ்ட் பண்ணலாம்..."

"கவுத்துக் காட்டுங்க."

கவிழ்த்தார். ரிவெட். அடுத்தது, ரிவெட். அதற்கடுத்ததில் ஸ்க்ரூ இருந்தது, ஆனால் தலையில் மூன்று முனை வைத்த விசித்திர ஸ்க்ரூ; எந்த ஸ்க்ரூடிரைவரும் உள்ளே போகாது. வாங்கியவன் திறந்துவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். மூன்றாவது கடையில் நான் ஐந்தாவது டோஸ்டரைக் கவிழ்த்தபோது மேனேஜரே வந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுச் சுகந்தி அங்கே ஃபேன் வாங்க நின்றிருந்தாள். நான் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் தெருவுக்குச் செய்தி வந்திருந்தது: வசந்தாமணி அக்காவுக்கும் என்னமோ ஆகிவிட்டது, கடையில் சாமான்களைத் தலைகீழாக வைத்துப் பேசிக்கொண்டிருக்கிறார்.

ஜூன் 6, வெள்ளி

கையைப் பற்றி இன்று ஒன்றும் எழுதப்போவதில்லை.

ஜூன் 9, திங்கள்

பிசியோதெரபி பெண் ரெபேக்கா திங்களும் வியாழனும் வருகிறாள். பச்சைக் களிமண் உருண்டை ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னாள்.

"நான் என்ன ஒண்ணாங்கிளாசா?" என்று அதை மேஜைக்கு அடியில் உருட்டிவிட்டார். முப்பது வருஷம் பம்ப்செட் கம்பெனியில் டெஸ்டிங் செக்‌ஷனில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் தெருவில் உள்ள மிக்சி, அயர்ன்பாக்ஸ், மோட்டார் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் வரிசையில் நிற்கும்.

கேட் வரைக்கும் வந்து ரெபேக்கா மெதுவாகச் சொன்னாள்: "ஆன்ட்டி, கைல அசைவு இருக்கு. அங்கிள்தான் அதுக்கு வேலை குடுக்க மாட்டேங்கறார். மொதல் ஆறு மாசம் ரொம்ப முக்கியம். அப்புறமும் வரும், ஆனா ரொம்ப மெதுவா. அவருக்குப் புடிச்ச வேலையா எதாச்சும் கண்டுபுடிங்க."

ஆறு மாதம் என்றால் ஆகஸ்ட் பதினொன்று. இன்னும் அறுபத்து மூன்று நாள். நான் எண்ணவில்லை, காலண்டர் தானாகக் கண்ணில் பட்டது.

சாயங்காலம் மெல்ல ஆரம்பித்தேன். "ஏனுங், அயர்ன்பாக்ஸ் சூடே ஆக மாட்டேங்குது. சித்தே பாக்கறீங்களா?"

"மொய்தீன்கிட்டக் குடு. அப்படியே கட்டிலுக்கடியில இருக்கற என்ற டூல்ஸ் பெட்டியவும் அவனுக்கே குடுத்துரு. எனக்கெதுக்கு இனி."

"சரிங்க" என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். கொடுத்தாயிற்று என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 11, புதன்

டவுன்ஹால் பக்கம் சந்துக்குள் மொய்தீன் கடை. பழையது ரிப்பேர் பார்ப்பார், புதியதும் நாலைந்து வைத்திருப்பார். என் வீட்டுக்காரரை "அண்ணன்" என்பார்.

"தெனமும் ஓடணுங்க மொய்தீன். கெட்டுப்போனா ஊட்டுலயே தொறந்து பாக்கற மாதிரி இருக்கோணும்."

"அக்கா, ரொட்டி சுடறதுக்கா, தொறந்து பாக்கறதுக்கா?"

"ரெண்டுக்குந்தான்."

ஒரு கனத்த இரும்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அழகு என்று எதுவும் கிடையாது. என் பெரிய நாத்தனாரை ஞாபகப்படுத்தியது. கவிழ்த்தார். நான்கு மூலையிலும் சாதாரண ஸ்க்ரூ. திறந்தார். வயர்கள் உள்ளே ஸ்க்ரூ வைத்து மாட்டியிருந்தன. எலிமெண்ட் தனியாகக் கிடைக்குமாம், ஸ்விட்ச் தனியாகக் கிடைக்குமாம்.

"இருவது வருசம் ஓடும்க்கா. கெட்டே போகாது."

"கெட்டே போகாதுங்களா?"

"அதுக்கு ஏன்க்கா மூஞ்சியத் தொங்கப் போடறீங்க?"

வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 12, வியாழன்

நான்கு துண்டு சாப்பிட்டார். விறைப்பாக நின்றது. சாப்பிட்டு முடித்து, இடது கை முட்டியால் டோஸ்டரை ஒரு தட்டுத் தட்டினார்.

"தகடு பரவால்ல."

பிப்ரவரிக்குப் பிறகு ஒரு மெஷினைப் பற்றி அவர் பேசிய முதல் வாக்கியம். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

ஜூன் 18, புதன்

ஆறு நாளாக அப்பழுக்கு இல்லாமல் ஓடுகிறது. பாழாய்ப்போன தரம்.

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் சுகந்தியிடம் சொல்லித் தொலைப்பேன். அதற்கு டைரி எவ்வளவோ மேல்.

மத்தியானம் அவர் தூங்கும்போது டோஸ்டரைத் திறந்தேன். டூல்ஸ் பெட்டியைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று காய் நறுக்கும் கத்தி முனையால் திருகினேன். உள்ளே மூன்று வயர்: சிவப்பு, கறுப்பு, பச்சை. சிவப்பைத் தொடப் பயம். கறுப்பு நல்ல காரியத்துக்கு ஆகாது. பச்சை சாதுவாகத் தெரிந்தது. அதைக் கழற்றி ஓரமாக மடித்து வைத்துவிட்டு மூடினேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நாளைக் காலையில் டோஸ்டர் ஓடாது. அவர் என்னவென்று பார்ப்பார். பார்க்காமல் இருக்க அவரால் முடியாது.

ஜூன் 19, வியாழன்

ஓடிற்று! எப்போதும் போல. பச்சை வயரை அழகுக்கு வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

நாலு நாளாக ஒரு வயர் குறைவாகவே ரொட்டி சுட்டுத் தின்றுகொண்டிருக்கிறோம். இன்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு சிவப்பையும் கழற்றினேன். இப்போது மூச்சுப் பேச்சில்லை.

"ஏனுங், டோஸ்டர் வேலை செய்யலீங்க."

"மொய்தீன்கிட்டக் குடு."

"மழையா இருக்குதுங்."

"மழை விட்டதும் குடு."

பேப்பரைத் திருப்பிக்கொண்டார். இடது கையால் திருப்பும்போது பேப்பர் மடங்கி மூக்கில் இடித்தது. நான் பார்க்கவில்லை என்பது போல மழையைப் பார்த்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

தோசைக்கல்லில் சுட்டுக் கொடுத்தேன். எடுத்ததும் வளைந்து, வெண்ணெய் வேட்டியில் சொட்டியது. தட்டை நகர்த்திவிட்டார். "நீயே ஊட்டீரு" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை.

அவரே சாப்பிட்டுக்கொண்டிருந்தது ஒரு வேளைதான். அதையும் நான் கத்தி முனையால் பிடுங்கிவிட்டேன். இன்னும் நாற்பத்தெட்டு நாள்.

மத்தியானம் வயர்களைத் திரும்ப மாட்டிவிடலாம் என்று திறந்தேன். கழற்றும்போது சுலபமாக வந்த சிவப்பு உள்ளே போக மறுக்கிறது. கத்தி முனையால் தள்ளியதில் எங்கோ சந்துக்குள் விழுந்துவிட்டது. மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

ரெபேக்கா வந்தாள். கை அப்படியே. நாளை சூலூரில் கல்யாணம். அவர் வரவில்லையாம், சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் கையையே பார்ப்பார்களாம். உண்மைதான். நானாக இருந்தாலும் பார்ப்பேன்.

ஜூன் 27, வெள்ளி



காலையில் அவருக்கு இட்லி ஊட்டிவிட்டு, நானும் சுகந்தியும் சூலூர் மண்டபத்துக்குப் போனோம். மாலையும் கழுத்துமாக மணமக்கள் நிற்கும்போது எனக்கு டோஸ்டர் ஞாபகம். பந்திக்கு முன்னால் ஓரமாகப் போய் மொய்தீனுக்குப் போன் போட்டேன்.

"சும்மாதான் கேக்கறனுங்க மொய்தீன். பச்ச வயரும் செவப்பு வயரும் கழண்டுட்டா எப்பிடி மாட்டறது?"

"ரெண்டும் எப்பிடிக்கா கழண்டுது?"

"தானா."

"அக்கா, பச்சைதான் எர்த்து. உசுரக் காப்பாத்தற வயரே அதுதான். அது இல்லாம செவப்பு போயித் தகட்டுல பட்டுச்சுன்னா பெட்டி முழுக்கக் கரண்டு ஏறீரும். பிளக்க மட்டும் யாரையும் சொருக உட்றாதீங்க. அண்ணன் எங்க?"

அண்ணன் வீட்டில். தனியாக. பசித்தால் அடுக்களைக்குள் போவார்.

அவர் போனுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். சுகந்தி "என்னக்கா, என்னக்கா?" என்று பின்னாலேயே ஓடி வந்தாள், பதில் சொல்லாமல் ஆட்டோ ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் சுகந்தி கேட்டு நான் ஒரு விஷயம் சொல்லாமல் வந்தது இதுதான் முதல் தடவை. சிங்காநல்லூர் சிக்னலில் ஆட்டோ நின்றது. அவர் முட்டியால் தகட்டைத் தட்டியது கண்ணிலேயே நின்றது. நாலு நாள் அந்தப் பச்சை வயர் இல்லாமல் தட்டியிருக்கிறார். நாலு நாள் நான் ஈரக் கையோடு அதைத் தொட்டிருக்கிறேன். பதினேழு தடவை போன் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் மணி முழுதாக அடித்து ஓய்ந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அடுக்களைக்கு ஓடினேன். அவர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். மேடையில் தட்டு, தட்டில் இரண்டு துண்டு ரொட்டி. பிளக் சொருகியிருந்தது. ஸ்விட்ச் போட்டிருந்தது. இடது கையில் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டர். அதன் முனை டோஸ்டர் தகட்டில். டெஸ்டருக்குள் குட்டி விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

"அக்கட்டயே நில்லு" என்றார், திரும்பாமல். "செருப்பப் போட்டுட்டு வா."

டெஸ்டரை எடுத்தார். ஸ்விட்சை அணைத்தார். பிளக்கைப் பிடுங்கினார். நான் பட்டுச் சேலையோடு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"போனை ஏனுங் எடுக்கலை?"

"சட்டைல சோத்தாங்கைப் பக்கம், இடுப்புக்குக் கீழ, சைடு பாக்கெட்டுல இருக்குது. எப்படி எடுக்கறது?"

சட்டைப் பையை அந்தப் பக்கம் வைத்துத் தைக்கச் சொன்னவளும் நான்தான்.

டோஸ்டரைக் கவிழ்த்து அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். "புது மெசின். ஓடலைன்னுதான பிளக்கப் போட்டு டெஸ்டர் வெச்சேன். தகட்டுல கரண்டு. ஸ்க்ரூத் தலையெல்லாம் தேஞ்சு கெடக்குது. மொய்தீன் இப்பிடித் தேய்க்க மாட்டான்."

"எலியா இருக்குமுங்."

"எலி எர்த்தக் கழட்டாது அம்மிணி. எலிக்கு அறிவு இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். ரெபேக்கா சொன்னது, ஆறு மாதம், கடை கடையாகக் கவிழ்த்துப் பார்த்தது, கத்தி, பச்சை, சிவப்பு. அழுகையும் சேர்ந்து வந்ததால் பாதி அவருக்குப் புரிந்திருக்காது. சாயங்காலம் விளக்குப் போடும்போது சொன்னார்:

"நான் டெஸ்டர் வெக்காம எதையும் தொடற ஆளில்லை. தெனமும் அதத் தொடறது நீ. நீ போயிருப்ப."

அப்புறம், "உன்னைய நம்பி ஊட்டுல ஒரு மெசினை உட முடியாது" என்றார்.

ஜூன் 28, சனி

"அந்த டூல்ஸ் பெட்டி எங்கிருக்குது?"

"மொய்தீன்கிட்டக் குடுத்து..."

"அரிசி டிரம்முக்குப் பின்னால இருந்துதான் நேத்து டெஸ்டர எடுத்தேன். கொண்டா."

கொண்டுவந்தேன். முதலில் வயர்களை என்னை மாட்ட வைத்தார். அந்த அரை மணி நேரம் நான் வாங்கிய திட்டில் ஒரு புது ஒர்க்கர் வேலையை விட்டே ஓடியிருப்பான். "அப்பிடிப் புடிக்காத. ஏய், தோசை திருப்பற மாதிரி திருப்பற பாரு. எர்த்தை இழுத்துப் பாரு. இன்னொருக்கா இழு." நாலு தடவை இழுக்கச் சொன்னார்.

அடித்தகட்டை வைத்தாயிற்று. தேய்ந்த ஸ்க்ரூக்களுக்குப் பதில் பெட்டியிலிருந்து நல்லதாக நாலு எடுத்தார். நான் கை நீட்டினேன்.

"நீ தொடாத."

இடது கையால் ஸ்க்ரூடிரைவரை எடுத்து வலது உள்ளங்கையில் வைத்தார். வலது விரல்களை இடது கையாலேயே ஒவ்வொன்றாக மடக்கினார். விழுந்தது. எடுத்து வைத்தார். விழுந்தது. "எதுக்கு மொறச்சுப் பாக்கற? அந்தப் பக்கம் திரும்பு." திரும்பினேன். எதிரில் பால் குண்டா இருந்தது. அதன் பளபளப்பில் எல்லாம் தெரிந்தது. ஒன்பது தடவை விழுந்தது. பத்தாவது தடவை விரல் தானாகக் கொஞ்சம் இறுகியது. கால் சுற்று. அப்புறம் கால் சுற்று.

ஒரு ஸ்க்ரூ ஏறியது. சட்டை முழுக்க நனைந்துவிட்டது. போய்ப் படுத்துக்கொண்டார்.

ஜூன் 29, ஞாயிறு

இரண்டாவது பாதி ஏறியது. காலையில் உப்புமா. ஊட்டினேன்.

ஜூன் 30, திங்கள்

இரண்டாவது முடிந்து, மூன்றாவது நடந்துகொண்டிருக்கும்போது ரெபேக்கா வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். அவர் தலையைத் தூக்கவில்லை.

"சித்தே உக்காரு கண்ணு. சோலியா இருக்கறேன்."

அவள் இருபது நிமிஷம் உட்கார்ந்தாள். களிமண் உருண்டையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. போகும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். நல்லது என்கிறாளா, அதிகம் ஆசைப்படாதே என்கிறாளா, தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

இன்று கை வரவில்லை. விரலை மடக்கி விட்டால் அப்படியே விரிந்துகொள்கிறது. ஸ்க்ரூடிரைவர் விழுகிற சத்தம் காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. பதினோரு மணிக்கு நின்றது. நிற்காமல் விழுந்துகொண்டே இருந்திருக்கலாம்.

ஜூலை 2, புதன்

சுகந்தி வந்து, "டோஸ்டர் வாங்கி மூணு வாரந்தான ஆச்சு, அதுக்குள்ள ரிப்பேருங்களாக்கா? நான் சொன்ன கம்பெனி வாங்கியிருந்தா இந்த வம்பே இல்ல" என்றாள். ஆமாம் சுகந்தி, உன் அளவு எனக்கு விவரம் பத்தாது என்று காபி போட்டுக் கொடுத்தேன். அறைக்குள் ஸ்க்ரூடிரைவர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் காதைத் தீட்டினாள். நான் மிக்சியைப் போட்டேன். அதில் அரைக்க ஒன்றுமில்லை. வெறும் ஜார் ஓடியது.

ஜூலை 3, வியாழன்

காலை ஒன்பது ஐந்துக்கு நான்காவது ஸ்க்ரூ ஏறி முடிந்தது. ஆகஸ்ட் பதினொன்றுக்கு இன்னும் முப்பத்தொன்பது நாள்.

"செருப்புப் போட்டிருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பிளக்கைச் சொருகினார். டெஸ்டரைத் தகட்டில் நாலு பக்கமும் வைத்துப் பார்த்தார். எரியவில்லை. நான் இரண்டு துண்டு போட்டேன். இரண்டு பேரும் அடுப்புப் பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். டப்பென்று ரொட்டி எழும்பியது.

இடது கையால் ஒன்றை எடுத்தார். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் நெறம் சரியா ஏறலை, பாத்தியா?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே பொன்னிறம். சுகந்தியே வந்தாலும் குறை சொல்ல முடியாது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எலிமெண்ட்டுல எதாச்சும் லூசா இருக்கும்" என்றார் தெருவிடம். "ஒருக்கா தொறந்து பாத்தரலாமா?"

"ஆமாங்க. ஏறவே இல்லைங்க" என்றேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். சூடு ஆறுவதற்குள் அவர் இரண்டு துண்டையும் சாப்பிட்டு முடித்தார். பிறகு டோஸ்டரைக் கவிழ்த்து அவர் முன்னால் வைத்துவிட்டு, சொல்வதற்கு முன்னால் நானே அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.